பக்கக் குழாய்

பழைய அலங்கார நீரூற்றுக்கு அடியில் இருந்த அறையில் நிமிர்ந்து உட்கார இடமில்லை. ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் குழாய் ரிப்பேர்க்காரன் வயிற்றால் ஊர்ந்துதான் உள்ளே போனான். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் பழைய வார்ப்பிரும்புக் குழாய் மரப்பட்டை போல உரிந்து கிடந்தது. கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கச் செம்பொடி எழுந்து மூக்கிலும் இமையிலும் அப்பியது. தும்மினால் தலை கல்லில் இடித்தது. மறுபடியும் இடித்தபோது, "தாயே, காலடியில கிடக்கறவன இப்படியா குட்டுவ?" என்று மேலே நின்ற கல் பெண்ணிடம் கேட்டான்.

அந்தப் பெண் ஊற்றின் உச்சியில் ஒரு குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றாள். ஊருக்குள் முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வந்ததன் நினைவாக நிறுத்தியது. ஏதோ ஒரு கலவரத்தில் பறந்த கல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டதால் எல்லோருக்கும் அவள் மூக்கறை. "எங்க இறங்கணும்?" என்று கேட்கும் கண்டக்டரிடம்கூட "மூக்கறைகிட்ட" என்றுதான் சொல்வார்கள். அவள் குடத்திலிருந்து தண்ணீர் கொட்டியதைப் பார்த்தவர்கள் இப்போது யாரும் உயிரோடு இல்லை. மேலேறும் குழாய் எப்போதோ அடைத்துப்போனது. தொட்டியில் புறாக்களும் கிழிந்த சுவரொட்டிகளும்தான் மிச்சம். அதைச் சுற்றி முதலில் வக்கீல்களின் மாடி வீடுகள் வந்தன. பிறகு தானியச் சந்தை வந்தது. சந்தை ஊருக்கு வெளியே போனதும் அந்தக் கட்டடங்களெல்லாம் லாட்ஜுகள் ஆயின. எது வந்தாலும் போனாலும் ஊற்றின் முதுகுப் பக்கமிருந்த பின்தெரு மட்டும் போகவில்லை. மலையிலிருந்து அந்தக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் குடிசை போட்ட இடம் அது. வேலை முடிந்ததும் கிளம்பச் சொன்னார்களாம், அவர்கள் கிளம்பவில்லை. சரி, தொலையட்டும் என்று பின்பக்கம் ஒரு குழாயைப் பிரித்து விட்டார்களாம். அப்படித்தான் தெருவில் சொல்லிக்கொண்டார்கள்.

"என்னப்பா, பக்கக் குழாய் கண்ணுல பட்டுச்சா?" ஓவர்சியர் திறப்பின் வழியே குனிந்து கேட்டார்.

"பட்டுச்சு சார். பின்தெருவுக்குப் போறது."

"அத அடைச்சிடு."

ஸ்பானர் தேய்ப்பதை நிறுத்தினான். "சார், அது ஓடிக்கிட்டிருக்கற லைன். தெரு முழுக்க அதுலதான் பிடிக்குது. புது லைன்னு போட்டாங்களே, அது மேட்டுக்கு ஏறவே இல்ல."

"தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் சொல்றேன். மேல அந்தம்மா குடத்துலேர்ந்து தண்ணி கொட்டணும்னா முழு வேகமும் வேணும். ஊத்தத் திறந்து வைக்கற விழாவுக்கு யார் யாரோ வர்றாங்க. சொட்டு சொட்டா விழுந்தா என் மானம்தான் போகும்."

"அதுவரைக்கும் தெரு என்ன சார் பண்ணும்?"

"டேங்கர் வரும். விழா முடிஞ்சதும் தெருவுக்குத் தனி லைன். நான் என்ன கல் மனசுக்காரனா?"

ஓவர்சியரின் முகம் மறைந்து மைத்துனனின் முகம் தெரிந்தது. இவன் மனைவியின் தம்பி, காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். கல்யாணத்தன்று மாப்பிள்ளைச் சட்டைப்பையில் ஸ்பானர் இருந்தது என்று கதை கட்டி, அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவனும் அவன்தான். "மாமா, நான் பேசிட்டேன். தனி லைன் கண்டிப்பா வரும். அந்த வேலையும் உங்களுக்குத்தான். யோசிக்காம அடைங்க" என்றான்.

ஸ்பானர் யோசித்தான். மழைக்காலம் முழுக்க வேலையில்லாமல் இருந்ததையும் யோசித்தான். பிறகு பெரிய வால்வை மூடிவிட்டு, பக்கக் குழாயில் ரம்பத்தை வைத்தான். குழாய் விலகியபோது உள்ளே தங்கியிருந்த தண்ணீர் மார்பில் கொட்டியது. சில்லென்று இருந்தது. வாயைத் திறந்து இரண்டு மடக்குக் குடிக்கவும் செய்தான். பிறகு மரை வெட்டி, சணல் சுற்றி, வாயை அடைக்கும் டம்மியை முடுக்கினான். நன்றாக முடுக்கினான். அரைகுறையாக வேலை செய்ய அவன் கைக்கு வராது.

வெளியே வந்ததும் மைத்துனன் டீயை நீட்டினான். "என்ன மாமா, இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க?"

"உங்க அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"ஐயோ, என்னை விட்டுடுங்க. அதுக்கு நான் மறுபடி அந்தப் பொந்துக்குள்ளயே போய்ப் படுத்துக்கறேன்."

பின்தெருக் கோடியில் ஒரு கல்தூணில் பதித்திருந்தது அந்தக் குழாய். குடம் வைத்து வைத்துக் கீழே இருந்த கல் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. பக்கத்திலேயே சிமெண்டுத் தொட்டி. அதில்தான் அவன் மனைவி லாட்ஜுகளின் விரிப்புகளைத் துவைப்பாள். "சோப்பு போட ஒரு வாளி, அதப் போக்க ஒன்பது வாளி" என்பது அவள் தொழிலின் கணக்கு. அவன் போனபோது தொட்டி நிறைய நுரை. குழாய் ஒரு தடவை இருமியது. காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை.

"பாவம், தொண்டை கட்டிக்கிச்சு" என்றாள் அடுத்த வீட்டுத் தையல்காரி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்தா வந்துட்டாரு டாக்டரு. அண்ணே, கொஞ்சம் நாடி பிடிச்சுப் பாருங்க."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்பானர் குழாயருகே போனான். ஆனால் கை தன்பாட்டுக்குப் பையைத் திறந்தது. குழாயின் தலையைக் கழற்றினான். வாஷரை எடுத்து ஊதினான், துண்டால் துடைத்தான், திரும்பவும் போட்டான். எல்லோரும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி அவனுக்குக் குடிக்க மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "நாளைக்குச் சரியாயிடும்" என்று அந்த டம்ளரைப் பார்த்துச் சொன்னான்.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "வாஷர்ல ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சேதான் கழட்டினீங்களா?"

அவன் கவளத்தைக் கீழே வைத்தான்.

"உங்க சட்டை நெஞ்சுவரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. ஊத்துல தண்ணி விட இன்னும் நாளாகும்னு நேத்துதான் சொன்னீங்க. அப்ப இது எந்தத் தண்ணி?"

எல்லாவற்றையும் சொன்னான். ஓவர்சியர் சொன்னதையும், டேங்கரையும், தனி லைனையும். அவள் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"தனி லைன் வரும்னு யாரு சொன்னா?"

"உன் தம்பிதான்."

"அவனா? கடைக்கு எண்ணெய்க்கு அனுப்பினா மிட்டாயோட வருவான். எண்ணெய் எங்கடான்னா, கடையில தீந்துபோச்சும்பான்." தட்டை நகர்த்தி வைத்தாள். "வேற எவனாவது அடைச்சிருந்தா வயித்தெரிச்சல் தீரத் திட்டிட்டுப் போயிருப்பேன். நம்ம வீட்டுக் கையே பண்ணிடுச்சே. திட்டறதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டீங்க."

மறுநாள் விடிந்ததும் அவளே போய்த் தெருவில் சொன்னாள். வேறு வாய் வழியாக வருவதற்குள் தன் வாயால் வரட்டும் என்று. யாரும் கூச்சல் போடவில்லை. தையல்காரி மட்டும், "டம்மின்னா என்னங்க்கா?" என்று கேட்டாள். "குழாய அடைக்கறது. தலை மாதிரி இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது" என்று இவள் சொல்லிவிட்டாள். அன்று மாலைக்குள் தெருவில் ஸ்பானருக்குப் பெயர் மாறிவிட்டது. "டம்மி வர்றாரு, வழி விடுங்க" என்று மரியாதையோடுதான் சொன்னார்கள். அந்த மரியாதைதான் குத்தியது.

டேங்கர் வந்தது. முதல் வாரம் தினமும் வந்தது. லாரி சந்துக்குள் நுழையாததால் முக்கில் நின்று ரப்பர் குழாயை வீசினான் டிரைவர். பாதி தரையில் போனது. மிச்சத்துக்கு அடிபிடி. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அப்புறம், டிரைவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. வந்த தண்ணீரில் சமைக்கலாம், குளிக்கலாம். விரிப்புகளை அலச முடியாது. சோப்பு முழுதாகப் போகாமல் காய்ந்த விரிப்புகள் அட்டை போல விறைத்தன. படுத்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது என்று ஒரு லாட்ஜுக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். இன்னொருவர், "உன்மேல எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டு, மெஷினில் துவைக்கும் கடைக்கு மாறிக்கொண்டார். மிஞ்சியது பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜ் ஒன்றுதான்.

ஸ்பானர் ஒவ்வொரு நாளும் ஓவர்சியரிடம் கேட்டான். "விழா முடியட்டும்ப்பா" என்றார். கடைசியில் இவனைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

வெள்ளோட்டம் விடுகிற பிற்பகலும் வந்தது. கல் பெண்ணைப் பாலிஷ் போட்டுக் கழுவியிருந்தார்கள். வெளியூர்ச் சிற்பி வந்து அவளுக்கு மூக்கு வைத்திருந்தார். "மூக்கறைக்கு மூக்கு வந்துச்சு, நமக்குத் தண்ணி போச்சு" என்று பின்தெருவில் ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது. வால்வைத் திருப்பும் நீளமான சாவி ஸ்பானர் கையில் இருந்தது. ஓவர்சியர் தலையசைத்ததும் திருப்பினான். முதலில் ஒரு உறுமல். பிறகு குடத்தின் வாயிலிருந்து துருவும் புறா இறகுமாகப் பழுப்புத் தண்ணீர் துப்பியது. துப்பித் துப்பித் தெளிந்தது. திடீரென்று கண்ணாடிப் பட்டை போல ஒரே சீராக வளைந்து விழுந்தது. கூலியாட்கள் கை தட்டினார்கள். ஸ்பானருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மூட்டில்கூடக் கசிவு இல்லை. தன் குற்றத்தையும் மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் பின்தெரு முக்கில் தலையில் மூட்டையோடு அவன் மனைவி திரும்பினாள்.

நேராக நடந்து வந்தாள். ஊற்றைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றை ஒரு கையால் தூக்கி, குனிந்து, உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, மூட்டையை அவிழ்த்து, சோப்பு காய்ந்த விரிப்பு ஒன்றை உதறி விழும் தண்ணீரின் அடியில் பிடித்தாள். நுரை பூத்து ஓடியது. அவள் பின்னாலேயே தையல்காரி வந்தாள். அவள் பின்னால் குடங்களும் வாளிகளும் வந்தன. காலொடிந்த ஒரு பெரியவர், நாற்காலியோடு தன்னைத் தூக்கி வரச் செய்து, தொட்டியோரம் உட்கார்ந்து முகம் கழுவினார்.

"யாருய்யா இவங்கெல்லாம்?" ஓவர்சியரின் குரல் கிறீச்சிட்டது. "ஏம்ப்பா, வால்வ மூடு! மூடுன்னா!"

ஸ்பானர் சாவியைப் பார்த்தான். "அலசிக்கிட்டிருக்காங்க சார்."

"என்னது?"

"பாதி அலசல்ல நிறுத்தினா துணி வீணாப் போயிடும் சார். சோப்பு போகட்டும்."

"உனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

நின்றுகொண்டிருந்தால் மூடிவிடுவோமோ என்று பயந்து, ஸ்பானர் படியில் உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மைத்துனன் ஓடி வந்தான். "மாமா, கொடுங்க. சொன்னாக் கேளுங்க. என் பொழப்பையும் சேர்த்துக் கெடுக்காதீங்க மாமா." குரல் அழுகிற மாதிரி இருந்தது. ஸ்பானர் தலையைக் குனிந்துகொண்டான். மைத்துனன் பிடுங்கவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, சாலையோரத்து வால்வை மூடச் சரிவில் ஓடினான்.

அவன் போய்ச் சேருகிறவரை தண்ணீர் விழுந்தது. குடங்கள் நிறைந்தன. விரிப்புகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. பிறகு பட்டை மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. மனைவியும் தையல்காரியும் கடைசி விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எதிரெதிரே முறுக்கினார்கள். அது பெருமூச்சு விட்ட மாதிரி தண்ணீரைக் கக்கியது. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவள் படியருகே வந்து நின்றாள்.

"அந்தக் கம்பிய அவங்ககிட்டயே கொடுத்துட்டு வீட்டுக்கு வாங்க" என்றாள்.

அந்த வேலை அன்றோடு போனது. அந்தக் காண்ட்ராக்டருக்குத் தெரிந்த மற்ற இடங்களிலும் போனது. "நல்ல கைதான், ஆனா தகராறு பிடிச்ச ஆளு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தெருவில் டம்மி என்கிற பெயர் மெல்ல மறைந்து பழைய பெயர் திரும்பி வந்தது. ஆனால் குழாயில் தண்ணீர் திரும்பவில்லை. பெண்கள் சேர்ந்து ஓவர்சியரின் அலுவலகத்துக்குப் போனார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, விழாவுக்குப் பிறகு கட்டாயம் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா, கடிக்க மாட்டேன்" என்றாள் அக்கா. உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "அக்கா, இனிமே ஊத்துத் தண்ணிய யாரும் தொட வேணாம்னு தெருவுல சொல்லிடு" என்றான்.

"ஏன், தீட்டா?"

"மருந்து கலக்கறாங்க. பாசி பிடிக்காம இருக்க ஒரு மருந்து. அப்புறம் நீலக் கலர். விளக்கு போட்டா அழகா இருக்கும்னு சொல்றாங்க." தரையைப் பார்த்தான். "நீ துவைச்சியே, அதுக்கப்புறம்தான் இந்த யோசனை வந்துச்சு. கலர் கலந்துட்டா யாரும் குடத்தத் தூக்கிட்டு வர மாட்டாங்கள்ல."

ஸ்பானர் கேட்டான்: "அவ்வளவு தண்ணிக்கும் நாள் முழுக்க எப்படிடா கலர் கலப்பாங்க? கொட்டிக்கிட்டே இருக்குமே?"

"அதெல்லாம் இல்ல மாமா. மோட்டார் வச்சாச்சு. தொட்டியில விழற தண்ணியே திரும்பத் திரும்ப மேல ஏறும். ஒரு தடவ நிரப்பினாப் போதும்."

"அப்ப மலையிலேர்ந்து வர்ற மெயின் லைன்?"

"அது சும்மாத்தான் கிடக்குது."

"அப்ப பக்கக் குழாயத் திறந்து விட்டா என்னடா?" என்றான் ஸ்பானர். "அந்த டம்மியக் கழட்ட எனக்கு ஒரு பீடி குடிக்கற நேரம் போதும். கூலிகூட வேணாம்."

"அதுக்கு யாரு மாமா கையெழுத்து போடுவா? அடைக்கறதுக்கு உத்தரவு இருக்கு. திறக்கறதுக்கு இல்ல." மைத்துனன் எழுந்துகொண்டான். "அந்த அறைக்கும் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வச்சுட்டாங்க. வச்சது நான்தான்க்கா. நீ திட்டறதுன்னா திட்டிக்க."

அவள் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் ஆற வைத்துவிட்டுப் போனான்.

விழாவுக்குப் பெரிய கூட்டம். பின்தெருவின் முகப்பில் துணித் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் அந்த இடத்தின் சரித்திரத்தை அழகாகச் சொன்னார். மலையில் சுனையைக் கண்டுபிடித்த அதிகாரி, படம் போட்ட பொறியாளர், சிலை செய்ய வெளிநாட்டிலிருந்து கல் தருவித்த கனவான் என்று எல்லோர் பெயரும் வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று தெருக்காரர்கள் கேட்டார்கள். "பள்ளம் தானா வெட்டிக்கிச்சு போலிருக்கு" என்று நாற்காலிப் பெரியவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். தட்டிக்கு மேலே மூக்கு வைத்த கல் பெண்ணின் தலையும், அவள் குடத்திலிருந்து நீலமாக எழுந்து விழும் தண்ணீரும் மட்டும் தெரிந்தன. விழா முடிந்தது. தட்டியை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். தனி லைனுக்காக யாரும் அளக்கக்கூட வரவில்லை. ஓவர்சியருக்கு வேறு பகுதிக்கு மாற்றலாகிவிட்டது.

மிச்சமிருந்த ஒரு லாட்ஜுக்காக அவன் மனைவி தொடர்ந்து துவைத்தாள். டேங்கர் வரும் நாளில் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரே வாளியை மூன்று அலசலுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாள். ஸ்பானர் தூரத்து அடிகுழாயிலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். இருவருமாக ஒரு சாயங்காலம் மொத்த மூட்டையையும் முடித்து, சந்தின் குறுக்கே கயிறு கட்டி விரிப்புகளைக் காயப்போட்டார்கள். வெயிலின் கடைசிச் சூட்டில் அவை மொடமொடவென்று காய்ந்து வந்தன. ஒன்றில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "சோப்பு வாசம் துளிகூட இல்ல" என்று அவனையும் மோந்து பார்க்கச் சொன்னாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு ஊற்றின் மோட்டார் இரைந்தது. அன்று காற்று மேற்கிலிருந்து, ஊற்றைத் தாண்டித் தெருவுக்குள் வீசியது. முதலில் கன்னத்தில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது. தெருப் பிள்ளைகள் மழை மழை என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் மேகம் இல்லை. "ஐயோ, துணி!" என்று பாய்ந்தாள். அவனும் ஓடினான். கயிற்றிலிருந்து உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் வீட்டுக்குள் வந்தார்கள். முதல் விரிப்பைத் தரையில் பரப்பினாள். ஊசியால் குத்திய மாதிரி, மேலிருந்து கீழ் வரைக்கும் நீலப் புள்ளிகள்.

பானையைத் திறந்து பார்த்தாள். அடியில் குடிக்க வைத்த தண்ணீர் இருந்தது. ஒரு டம்ளரில் மொண்டுகொண்டு வந்து விரிப்பின் ஓரத்தில் மண்டி போட்டாள். விரல் நுனியை நனைத்து, முதல் புள்ளியில் வைத்துத் தேய்த்தாள். பிறகு அடுத்தது. அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, துண்டின் முனையை அதே டம்ளரில் நனைத்துக்கொண்டு, அங்கிருந்து தேய்த்து வரத் தொடங்கினான். திறந்திருந்த கதவு வழியாகத் தூறல் உள்ளே வந்து, தேய்த்து முடித்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.